மச்சானை ரத்து செய்தவர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒருவரையும் நம்பாமலே அத்தனை பேருக்கும் வேண்டியவராக இருந்த மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்து கேட்பாஸ்.

அவருடைய உண்மைப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அட்டையை அவர் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை கழுத்தில் தொங்கவிட்டு ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தார். இருந்தும் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவர்கூட அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாயிலில் காட்டும் அனுமதிச் சீட்டின் பெயரே அவர் பெயராகிவிட்டது.

ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். அப்பா அந்தத் தொழிற்சாலையின் வாயில் காவலர். சொந்தத் தம்பியையே பாஸ் இல்லாமல் உள்ளே விடாதவர். சிறுவயதில் இவர் விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால், உள்ளிருந்து அப்பா "யாரு?" என்று கேட்பாராம். "நான்தான்" என்றால் தாழ்ப்பாள் அசையாதாம்.

"அவர் கேட்டது கரீட்டுதானே சார்? நான்தான்னு ஊர்ல எல்லாருந்தான் சொல்லுவான். அது இன்னா ஒரு பேரா?" என்பார் கேட்பாஸ், நாற்பது வருடம் கழித்தும் அப்பா கட்சியிலேயே நின்று.

எங்களுடையது மென்பொருள் சோதனை செய்யும் சிறிய கம்பெனி. எங்கள் குழுவில் கேட்பாஸையும் சேர்த்து ஒன்பது பேர். அதற்கு நான் தலைவன். இருபத்திரண்டு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் கீழே வரும் நேரங்களை நினைவிலிருந்து சொல்லவில்லை, பார்த்து எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை 9.05. கேட்பாஸ் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் அட்டை இல்லை. செக்யூரிட்டி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"உள்ள போ அண்ணாத்தே. உன்னத் தெரியாதா எனக்கு?"

"இன்னா தெரியும்? மூஞ்சி தெரியும். மூஞ்சி ஒரு ஆதாரமா? நாளிக்கி என்ன மாதிரியே ஒருத்தன் வந்தா?"

"உன்ன மாதிரி இன்னொருத்தனா? ஊரு தாங்காது அண்ணாத்தே."

நான் குறுக்கே போய், "பதிவேட்டைக் கொடுங்க, நான் எழுதி உங்களை உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். கேட்பாஸ் அதை யோசித்தார். தன் பாஸைத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது, இன்னொருவர் போடலாம் என்பது அவர் சட்டம். ஆகவே எனக்கு அனுமதி உண்டு.

"சரி சார். உங்க கார்டு?"

அது என் பையில் இருந்தது. பை, முன்பே வந்து வைத்துவிட்டுப் போன என் மேசையில் இருந்தது. அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறி ஆவடிக்குப் போனார். அட்டையோடு திரும்பியபோது 12.20. அரைநாள் விடுப்புக்கு அவரே எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் "ஆதாரமின்மை" என்று இருந்தது.

பாடியில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் அலுவலகப் பெண்ணுக்குத்தான். நுழைவாயிலில் பன்னீர் தெளிக்க நின்றவர்கள் கொஞ்சம் நகர்ந்த நேரத்தில் கேட்பாஸ் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் ஒரு வரிசை உருவாகிவிட்டது. வரிசையின் தலையில் பட்டு வேட்டிக்காரர் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் பொண்ணோட அப்பாப்பா! போன் பேச வெளிய வந்தேன்!"

"இருக்கலாங்க. பத்திரிகை கீதா?"

"என் பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கு யாருய்யா பத்திரிகை வைப்பான்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

இப்படிப்பட்டவர் கையில்தான் அந்த வேலை வந்து சேர்ந்தது.

வெளிமாநிலத்தில் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். தனக்கு உதிரிபாகம் செய்து தருகிறவர்களுக்காக ஒரு இணையதளம் கட்டியிருந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் திறக்கிற தளம் அல்ல. கடவுச்சொல்லை யாரும் யாருக்கும் சொல்லிவிடலாம். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னணுச் சான்றிதழ் கொடுத்து, அவரவர் கணினியில் பதித்துவிட்டார்கள். கதவைத் தட்டும்போது கணினி அந்தச் சான்றிதழை நீட்ட வேண்டும். தளம் அதை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கும்.

எங்கள் வேலை லோடு டெஸ்ட். தளம் திறக்கும் முதல் நாளில் ஐநூறு பேர் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் அது தாங்குமா என்று முன்கூட்டியே பார்ப்பது. ஐநூறு பேரை வரவழைக்க முடியாது. ஐநூறு போலி ஆட்களை ஒரு கணினிக்குள்ளேயே உண்டாக்கி அனுப்புவோம். தாங்கும் என்றால் நான் அறிக்கையில் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்தை நம்பி அவர்கள் தளத்தைத் திறப்பார்கள், அடுத்த வருட வேலையையும் எங்களுக்கே தருவார்கள். ஒன்பது பேருக்கு ஒரு வருடம். இதுதான் பணயம்.

போலி ஆட்களுக்கும் சான்றிதழ் வேண்டும். சோதனைக்கு மட்டும் செல்லும் சான்றிதழ்களை நாங்களே செய்துகொள்ள அந்த நிறுவனம் அனுமதித்திருந்தது. ஒரு சான்றிதழைச் செய்து ஐநூறு பேர் கையிலும் அதையே கொடுத்துவிடுவது வழக்கம். காலையில் தொடங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். திங்கட்கிழமை கேட்பாஸிடம் ஒப்படைத்தேன். செவ்வாய் போனது. புதன்கிழமை பிற்பகல் அவர் மேசைக்குப் போனேன்.

ஐநூறு தனித்தனிச் சான்றிதழ்கள் தயாராக இருந்தன. ஆள்-1, ஆள்-2 என்று எண்கூட அல்ல. ஐநூறுக்கும் பெயர் இருந்தது. கரையான்சாவடி செல்வி அத்தை. பட்டாபிராம் தபால்காரர். மேனாம்பேடு டைலர். போன வருடம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்த பட்டியலை எடுத்து வரிசையாக உள்ளே ஏற்றியிருந்தார். 206-வது இடத்தில் நான் இருந்தேன்.

"எதுக்கு இதெல்லாம்? ஒண்ணு போதுமே?" என்றேன்.

"ஒரே பாஸ்ல ஐநூறு பேரா? எந்த ஃபேக்டரில சார் வுடுவான்?"

"இது ஃபேக்டரி இல்ல. இவங்க யாரும் நிஜ ஆளும் இல்ல."

"பாஸ் நெசந்தானே சார். பேரில்லாதவனுக்கு எப்டி பாஸ் போடறது?"

மூன்று நாள் வீணாகியிருந்தது. "நீங்க டெஸ்டரா, வாட்ச்மேனா?" என்று கேட்டுவிட்டேன். புதன், 3.40. வாயைவிட்டு வந்த பிறகுதான் அவருடைய அப்பா நினைவுக்கு வந்தார். கேட்பாஸ் திரையைப் பார்த்துத் திரும்பி ஏதோ தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

மறுநாள் காலை இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினார். ஒரே சான்றிதழோடு போனபோது பக்கங்கள் சட்சட்டென்று திறந்தன. ஐநூறு சான்றிதழ்களோடு போனபோது சர்வர் மூச்சு வாங்கி நூற்றுச் சொச்சம் பேரை வெளியிலேயே நிறுத்திவிட்டது. ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற காவலர் இரண்டாம் தடவையிலிருந்து நிமிர்ந்தே பார்க்க மாட்டார். அந்தத் தளமும் முதலில் பார்த்த சான்றிதழை நினைவில் வைத்துக்கொண்டு மற்றவர்களை அப்படியே விட்டிருக்கிறது. நிஜத்தில் ஐநூறும் ஐநூறு முகம். அந்த நிறுவனத்தார் சர்வரைப் பெரிதாக்கினார்கள். "கேட்பாஸ் சொன்னது சரி" என்று அன்று நாட்குறிப்பில் எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை.

அதற்குப் பின் இரண்டு வாரம் அலுவலகமே கல்யாண மண்டபம் போல இருந்தது. யாருக்குத் தாமதமானது, யார் திரும்பிப் போனது என்பதெல்லாம் திரையில் பெயரோடு வரும். கேட்பாஸ் எழுந்து நின்று அறிவிப்பார்.

"சார், செல்வி அத்தை ஒம்போது செகண்டா நின்னுகினு கீறாங்க! முட்டி வலி சார் அவங்களுக்கு!"

"டைலர் திரும்பிப் போய்ட்டாரு சார். ரோசக்காரரு, இனிமே வரமாட்டாரு."

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். மேனாம்பேட்டில் அடுக்ககத்தில் குடியிருந்தார். முதலில் தலையில் கைவைத்துக்கொண்டவர், மூன்றாம் நாள் தாமாகவே வந்து, "ஏனுங்க, அந்த அத்தை உள்ள போயிட்டாங்களா?" என்று விசாரித்தார்.

கடைசி ஓட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. திங்கட்கிழமை தளம் திறக்கிறது. என் கையெழுத்தோடு அறிக்கை ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். அன்று முழுவதும் கேட்பாஸ் யாரோடும் பேசவில்லை. முந்தைய நாளும் அப்படித்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திரும்பப் பையில் வைத்ததைப் பார்த்தேன்.

4.15க்கு முடிவு வந்தது. ஐநூறுக்கு ஐநூறு. திரை முழுக்கப் பச்சை. மேனேஜர் கைதட்டினார்.

"அப்பாடா! ஒருத்தர்கூட வெளிய நிக்கலைங்க. கையெழுத்தப் போடுங்க, அனுப்பிச்சுட்டுக் கிளம்பலாமுங்க."

நான் பேனாவைத் திறந்தேன்.

"தப்பு சார்." கேட்பாஸ் எழுந்து வந்தார். "ஐநூறு வரக்கூடாது. நானூத்தித் தொண்ணூத்தொம்போதுதான் வரணும்."

"ஏன்?"

"முன்னூத்திப் பதினேழு எப்டி சார் உள்ள பூந்தான்?"

"யாரு அது?"

"எம் மச்சான். கரையான்சாவடில மிக்ஸி ரிப்பேர் கட வச்சிகீறான்."

மேனேஜர் புன்னகை மாறாமல் கேட்டார். "மச்சான் உள்ள வந்தா நல்லதுதானுங்களே?"

"நேத்தே அவன ரத்து பண்ட்டேன் சார்!"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கொடுத்த சான்றிதழைத் திரும்பப் பிடுங்க முடியாது. அது அவரவர் கணினியில் இருக்கிறது. அதனால் சான்றிதழ் கொடுத்தவர், செல்லாதவர்களின் பட்டியல் ஒன்றை எழுதி வைப்பார். யார் வந்து நின்றாலும் தளம் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். சோதனைச் சான்றிதழ்களுக்கான பட்டியல் கேட்பாஸிடம் இருந்தது. அதில்தான் மச்சானை எழுதியிருக்கிறார்.

"எதுக்கு ரத்து பண்ணீங்க?"

"அது ஊட்டு விசயம் சார்."

மணி 4.31. "உங்க வீட்டுச் சண்டைக்காக ஒன்பது பேர் வேலையை நிறுத்த முடியாது. போய் மச்சான்கிட்ட சமாதானமாப் போங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். கேட்பாஸ் தம் இடத்துக்குப் போய் படபடவென்று எதையோ தட்டினார். பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் திரும்பி வந்து என் மேசைக்கு எதிரில் நின்றார்.

"சொல்லிர்றேன் சார். புதங்கெழம ஊட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்துது. எனக்கு போன் வந்துது. 'சார், கேஸ் ஏஜென்சிலேந்து பேசறேன், ஓடிபி சொல்லுங்க'ன்னு ஒரு கொரலு. நானும் சொல்ட்டேன்."

"சரி?"

"பேசினது ஏஜென்சி இல்ல சார். எம் மச்சான். மூக்கப் புட்ச்சிகினு பேசிகீறான். அவங்கக்கா, எம் பொஞ்சாதி, கேட்டா நான் ஆயிரம் கேள்வி கேப்பன்னு, இவன் உக்காந்து டிராமா போட்ருக்கான். ஊடே சிரிக்கிது சார். பக்கத்து ஊடு சிரிக்கிது. தெரு பூரா சிரிக்கிது." கழுத்து அட்டையைத் தொட்டுக் காட்டினார். "நான் சார்! நான் யாருன்னே கேக்காம சொல்ட்டேன்!"

மேனேஜர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதில் அது நின்றுவிட்டது.

"அவன் நல்லவன்தான் சார். ஆனா ரத்துன்னு எழுதி கேட்ல ஒட்டியிருக்கு. அப்பறமும் ஒருத்தன் உள்ள பூந்தா, அது அவன் தப்பா, கேட்டோட தப்பா? இன்னிக்கி எம் மச்சான் பூந்தான். நாளிக்கி அவங்க வேணாம்னு தொரத்துன எவனாவது பூந்து கண்டதையும் பாத்துட்டுப் போனா? கீழ உங்க பேருதானே சார் கீது?"

பேனாவை மூடினேன். 4.44.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். மறுமுனையில் இருந்த பொறியாளர் முதலில் அப்படி இருக்கவே முடியாது என்றார். பிறகு இருங்கள் என்றார். பிறகு தேடிப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். பட்டியலைப் பார்க்கும் ஏற்பாட்டை, கட்டுமான நாட்களில் நேரம் மிச்சமாகும் என்று யாரோ நிறுத்திவைத்து, திரும்பப் போட மறந்திருக்கிறார்கள். ஒருமுறை சான்றிதழ் வாங்கியவர், அவர்கள் துரத்தினாலும் ஆயுளுக்கும் உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்திருப்பார். ஒரே சான்றிதழை ஐநூறு பேருக்குக் கொடுத்திருந்தால், மச்சான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்திருந்தால், இது யாருக்கும் தெரிந்திருக்காது. நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

திறப்பு மூன்று நாள் தள்ளிப்போனது. அடுத்த வருட வேலை போய்விட்டது என்று மேனேஜர் சனி ஞாயிறு இரண்டு நாளும் எனக்குப் போன் செய்துகொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி ஓட்டினோம். நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் உள்ளே. ஒரே ஒரு சிவப்பு வரி, 317. குழு முழுவதும் எழுந்து கைதட்டியது. ஒரு தோல்விக்கு இவ்வளவு பலத்த கைதட்டலை என் பணிக்காலத்தில் வேறெப்போதும் கேட்டதில்லை. கேட்பாஸ் மட்டும் உட்கார்ந்தபடி, "பாவம், வெளிய நிக்கறான்" என்றார்.

அடுத்த வருட வேலை எங்களுக்கே வந்தது. அவர்கள் எழுதிய பாராட்டுக் கடிதத்தில் "முழுமையான சோதனை அணுகுமுறை" என்று இருந்தது. மச்சானைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுபடி ஓட்டிய அந்த வாரமே மச்சான் பிரியாணிப் பொட்டலத்தோடு அலுவலக வாயிலுக்கு வந்தார். செக்யூரிட்டியின் பதிவேட்டில் பெயர் எழுதி, பார்வையாளர் சீட்டு வாங்கி, சட்டையில் குத்திக்கொண்டு மாடிக்கு வந்தார். உருண்டையான, சிரித்த முகம்.

"இன்னா மாமே, கோவம் போச்சா?"

கேட்பாஸ் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். பிறகுதான் நாற்காலியைக் காட்டினார்.

"குந்து. தண்ணி குடிக்கிறியா?"

மச்சான் போன பிறகு கேட்டேன். "ரத்தை நீக்கிடலாமே?"

"ரத்து ரத்துதான் சார். ஒரு தபா ரத்து பண்ணா அது எந்திரிக்காது. வேணும்னா புதுசு ஒண்ணு போட்டுத் தரலாம். ஆளு அதே ஆளுதான், நம்பரு வேற." சொல்லிக்கொண்டே மச்சானுக்குப் புதிய சான்றிதழ் போட்டார். அதற்கு எண் 503 என்று திரையில் வந்தது. அன்று அதை நான் கவனித்தேனே தவிர யோசிக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் கேட்பாஸ் ஓய்வு பெற்றார். மாலையைக் கழற்றியதும் என்னிடம் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். சான்றிதழ் வழங்கும் கணினியின் கடவுச்சொல். வாங்கிக்கொண்டதற்குப் பதிவேட்டில் என் கையெழுத்து. உறையைக் கொடுப்பதற்கு முன் என் அடையாள அட்டையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"தன் பாஸைத் தானே போட்டுக்கக் கூடாது. மறந்துராதீங்க சார்."

அந்தச் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஒரு வருடம். போன வாரம் புதுப்பிக்க உட்கார்ந்தேன். கணக்கில் ஒரு பிசகு தென்பட்டது. ஆட்கள் ஐநூறு, கடைசி எண் 503. மச்சானுக்கு ஒன்று கூடுதல், அது தெரியும். மீதி இரண்டு யாருடையவை? கேட்பாஸ் வேறு யாரை ரத்து செய்திருக்க முடியும்? ரோசக்கார டைலராக இருக்கலாம் என்று நினைத்துப் பட்டியலைத் திறந்தேன்.

எண் 206. ரத்தான நேரம் புதன், 3.43. மறுநாள் 9.10க்கு அதே ஆளுக்குப் புதிய எண் 501. அது ரத்தானது வெள்ளி, 4.32. அன்றே 4.46க்குப் புதிய எண் 502. மூன்றும் என் பெயர்.

நாட்குறிப்பை எடுத்து ஒப்பிட்டேன். நேரங்கள் சரியாக இருந்தன. இரண்டு முறை என்னை வெளியே தள்ளியிருக்கிறார். முதல் முறை ஒரு ராத்திரி தாக்குப்பிடித்திருக்கிறார். இரண்டாம் முறை பதினான்கு நிமிடம்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் புதுப்பித்துவிட்டேன், செல்வி அத்தை, டைலர், மச்சான் உட்பட. 502 பாக்கி இருக்கிறது. கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. ஆனால் அதை நான் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு ஆவடிக்குப் போவதாக இருக்கிறேன். கதவைத் தட்டினால் உள்ளிருந்து "யாரு?" என்பார். "நான்தான்" என்று சொல்லிப் பயனில்லை. அடையாள அட்டையை இப்போதே சட்டைப்பையில் எடுத்து வைத்துவிட்டேன்.